போர்டிகோ இல்லாத வீட்டுக்கு போர்டிகோ வரி

என் வேலையே அளப்பதுதான். ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வெர்னியரும் மைக்ரோமீட்டருமாகத்தான் பொழுது போகும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடினாலும் பெட்டியோடு சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவன், குடியிருக்கும் வீடு எத்தனை சதுர அடி என்று எட்டு வருடமாக அளந்து பார்த்ததில்லை. கட்டட வரைபடத்தில் இருந்த எண்ணைச் சொத்து வரி விண்ணப்பத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோனேன்.

அது நினைவுக்கு வந்தது 2022 ஜனவரி கடைசியில். பத்து வருடத்துக்கு அப்புறம் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். 2011இல் ஓட்டுப் போட்டது. 2016இல் பதவிக்காலம் முடிந்த பிறகு தனி அலுவலர்களை வைத்தே காலம் ஓடியது. அதற்குள் ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆக, ஊருக்கு முதல் முறையாக ஒரு மேயர் வரப்போகிறார். பாகலூர் சாலை டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. "எங்க வார்டுல நிக்கிறவர்தான் மேயராம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்த பெஞ்சில் இருப்பவர் தன் வார்டுக்காரர்தான் என்பார். 45 வார்டு, குறைந்தது இருபது மேயர். உண்மையில் வாக்குச்சீட்டில் மேயர் என்று ஒரு பெயரும் இருக்கப்போவதில்லை. 2011இல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்; இந்த முறை மறைமுகத் தேர்தல். நாம் கவுன்சிலருக்குப் போடுவோம், கவுன்சிலர்கள் கூடி மேயருக்குப் போடுவார்கள். இது தெரியாமலே பாதிப் பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கூடவே இன்னொரு பேச்சு: "மேயர் வந்தா வரி ஏறும்." நகராட்சி மாநகராட்சி ஆனபோதே கிளம்பிய பயம் அது.

வேட்புமனு தாக்கல் தொடங்கியிருந்த வாரத்தில் இரண்டாம் அரையாண்டுச் சொத்து வரியைக் கட்டப் போனேன். வசூல் மையத்தில் கால் வைக்க இடமில்லை. வழக்கமாக மார்ச் கடைசியில்தான் அப்படி இருக்கும். என்ன விஷயம் என்று பார்த்தால், வரிசையில் நிற்பவர்கள் வேட்பாளர்கள். உள்ளாட்சியில் போட்டியிடுபவருக்கு அந்த உள்ளாட்சியில் வரி பாக்கி இருக்கக் கூடாது. பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். ஐந்தாறு வருடமாகக் கட்டாததைக் கட்டக் கரைவேட்டிகள் கட்டுக்கட்டாக நோட்டோடு நின்றன. தேர்தலால் ஊருக்குக் கிடைக்கும் உறுதியான நன்மை அந்த ஒரு வார வசூல்தான் என்று அப்போது தோன்றியது.

எனக்கு முன்னால் ஒரு பெண் வேட்பாளர். வீடு மாமனார் பெயரில், மாமனார் இறந்து பல வருடம், பெயர் மாற்றவில்லை. பழைய பாக்கி ஒரு எண்ணில், புதிதாகக் கட்டிய மாடி வேறு எண்ணில். எந்த எண்ணுக்குச் சான்று என்பதில் குழப்பம். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாக அவருக்கு வரிவிதிப்பு விவரத்தை அச்செடுத்துக் கொடுத்தார். ஒரே ஒரு தாள். பெயர், கதவு எண், தெரு, பரப்பளவு, கட்டட வகை, பயன்பாடு, அரையாண்டு வரி. அதைப் பார்த்த ஆசையில் "எனக்கும் ஒண்ணு கொடுங்க சார்" என்றேன். கொடுத்தார். எட்டு வருடமாக ரசீதை மட்டும் வாங்கி வந்தவன், அன்றுதான் அந்தத் தாளைப் பார்த்தேன்.

பரப்பளவு 1,236 சதுர அடி என்றிருந்தது.

எங்கள் மனை முப்பதுக்கு நாற்பது. கீழே வீடு, மேலே ஒரு பெரிய அறை. 1,236 வருமா என்று வண்டி ஓட்டிக்கொண்டே மனக்கணக்குப் போட்டேன், இடித்தது. வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்தேன். ஒவ்வொரு அறையாக அளந்து, பையனை எழுதச் சொல்லி, கூட்டினால் 1,010. இருநூறு சதுர அடிக்கு மேல் கூடுதல்! கோபம் தலைக்கேறி, அன்று இரவே மனு எழுதினேன். 'அநியாயம்' என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் வந்தது.

நல்லவேளை, அதை எதிர்வீட்டு ஐயாவிடம் காட்டினேன். கட்டட வேலைகளை அளந்து பில் போட்டே ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"சுவர் எங்கப்பா?"

"என்ன சுவர்ங்கய்யா?"

"உள்ளே அளந்திருக்கே. சுவருக்கு யாரு வரி கட்டுவா?"

சொத்து வரிக்குக் கணக்கு வெளிச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை. பிளிந்த் ஏரியா என்பார்கள். உள்ளே கம்பளம் விரிக்கிற இடம் மட்டும் அல்ல. ஒன்பது அங்குலச் சுவர் நான்கு பக்கமும் சேர்ந்தால் எவ்வளவு சாப்பிடும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. மறுநாள் ஐயாவே டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். கீழே 26 அடிக்கு 31, ஆக 806. மேலே அறையும் படிக்கட்டு மூடியதும் சேர்த்து 366. மொத்தம் 1,172.

1,236இல் 1,172 போனால் 64. எட்டுக்கு எட்டு. அந்த எண்ணைப் பார்த்ததும் என் மனைவி சிரித்துவிட்டார். "போர்டிகோ!"

2014இல் படம் வரைந்தபோது வாசலில் எட்டடிக்கு எட்டடி போர்டிகோ போட்டிருந்தோம். கட்டும்போது பணம் தீர்ந்துபோய் அதை விட்டுவிட்டோம். வரி விதிக்கக் கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தில், படத்தில் இருந்த மொத்தத்தை அப்படியே எழுதிக் கொடுத்தவன் நான்தான். யார் மேலும் பழி போட முடியாது. எழுதி வைத்திருந்த 'அநியாய' மனுவைக் கிழித்துப் போட்டேன்.

அரையாண்டுக்கு அப்போது 1,200 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். 64 சதுர அடிக்கு உண்டான வரி கணக்குப் போட்டால் 62 ரூபாய். "அறுபத்திரண்டு ரூபாய்க்கு அரை நாள் லீவு போடப் போறீங்களா?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தப்பாக அளந்த எண் ஒன்று என் பெயரில் பதிவேட்டில் இருப்பது எனக்குத் தூக்கம் வரவிடவில்லை. தொழில் வியாதி. புது மனு எழுதினேன். இந்த முறை அரைப்பக்கம்: வரிவிதிப்பு எண், கதவு எண், பதிவில் உள்ள பரப்பு, நேரில் உள்ள பரப்பு, வித்தியாசத்துக்குக் காரணம், நேரில் அளந்து திருத்தித் தரக் கோருகிறேன். கூட கையால் வரைந்த ஒரு படம், பழைய கட்டட வரைபடத்தின் நகல், கடைசி ரசீது, போர்டிகோ இல்லாத வாசலின் புகைப்படம்.

கொடுத்த நேரம்தான் சரியில்லை. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் திங்கட்கிழமைக் குறைதீர் நாள் கூட நடக்காது. வரிப் பிரிவு ஆட்களில் பாதிப் பேருக்குத் தேர்தல் பணி. "வாங்கி வெச்சிக்கிறோம் சார், தேர்தல் முடியட்டும்" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. மனுவைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்ற ஒருவர் வாசலில் பார்த்துவிட்டு, "என்னண்ணா இந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். "நகல்ல முத்திரை வாங்குனீங்களா?" இல்லை. "திரும்பப் போங்கண்ணா. தேதியோட சீல், வரிசை எண். இல்லன்னா நீங்க மனு கொடுத்ததே உங்க வாய்வார்த்தைதான்." திரும்பப் போய் வாங்கினேன். அவர் அந்தத் தேர்தலில் மிகக் குறைந்த ஓட்டு வாங்கித் தோற்றார். என் ஓட்டு அதில் உண்டு.

மற்ற வேட்பாளர்கள் வீடு தேடி வந்தார்கள். ஒருவர் ஆரத்தித் தட்டில் நூறு ரூபாய் போட்டுவிட்டு, "அக்கா, ஜெயிச்ச மறுநாள் உங்க வரி விஷயம்தான் முதல் வேலை" என்றார். என் மனைவி விடவில்லை. "சரிங்க தம்பி, எங்க வீடு எத்தனை சதுர அடின்னு போட்டிருக்கு, எத்தனை இருக்கணும்?" அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் கைப்பேசியைப் பார்த்தார். இன்னொருவர் வரியைப் பாதியாகக் குறைப்பதாகவே சொன்னார். கவுன்சிலரால் தனியாக ஒரு ரூபாய் கூட வரியைக் குறைக்கவோ கூட்டவோ முடியாது, மேயராலும் முடியாது. மன்றத் தீர்மானம் வேண்டும், அதற்கு மேல் அரசின் உத்தரவு இருக்கிறது. தவறாகப் பதிந்ததைத் திருத்துவது என்றால் அது வருவாய்ப் பிரிவின் வேலை. கவுன்சிலர் செய்யக்கூடியது, மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று போய்க் கேட்பது. அதுவும் பெரிய உதவிதான், ஆனால் அதை யாரும் வாக்குறுதியாகச் சொல்வதில்லை.

பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை. மார்ச் 2 பதவியேற்பு, மார்ச் 4 மறைமுகத் தேர்தல். முன்னாள் எம்.எல்.ஏ. எஸ்.ஏ. சத்யா ஓசூரின் முதல் மேயர் ஆனார். பட்டாசுக் காகிதம் ராயக்கோட்டை சாலையில் கூட்டப்படாமல் கிடந்தது.

ஏப்ரல் 1ஆம் தேதி மாலை சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. தேதியைப் பார்த்து வாட்ஸ்அப் வதந்தி என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. எங்கள் மாதிரி ஊர்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கு 100.

இரண்டாவது அடுக்கையும் மூன்றாவது அடுக்கையும் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் 1,236இல் இருந்தால் 75 சதவீதம். 1,172இல் இருந்தால் 50. பேனாவை எடுத்தேன். பதிவில் இருப்பதுபோல் விட்டால் அரையாண்டுக்கு 2,100. திருத்தினால் 1,707. வித்தியாசம் 393, வருடத்துக்கு 786. கட்டாத போர்டிகோவுக்கு வருடா வருடம். 62 ரூபாய் என்று சிரித்த மனைவி, "முத்திரை போட்ட நகல் எங்க வெச்சிருக்கீங்க?" என்றார்.

இந்த உயர்வு ஏன், ஏன் தேர்தல் முடிந்து ஒரு மாதத்தில் என்று டீக்கடையில் பெரிய சண்டையே நடந்தது. 2018 ஜூலையில் வரியை உயர்த்தி, எதிர்ப்பு கிளம்பி, 2019 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போது நிறுத்தி வைத்தது எல்லோருக்கும் நினைவில் இருந்தது. அன்றைய ஆட்சி வேறு, 2022இல் இருந்த ஆட்சி வேறு. நாட்காட்டி மட்டும் ஒன்றுதான் என்று ஐயா சொன்னார். அரசு சொன்ன காரணம் 15ஆவது நிதிக்குழு. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப வரியையும் உயர்த்தினால்தான் உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் என்ற நிபந்தனை. அது பொய்யில்லை. ஆனால் பிப்ரவரியில் ஓட்டுக் கேட்டு வந்த எந்தக் கட்சிக்காரரும் அந்த நிபந்தனையைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதும் பொய்யில்லை.

அந்த மாதங்களில் தெருவில் பாதிப் பேர் உயர்வையே எதிர்த்து மனு எழுதினார்கள். மன்றங்கள் தீர்மானம் போடும்போது ஆட்சேபனை கேட்பார்கள், அங்கே அது சரி. ஆனால் தனி ஆள், தன் வீட்டு வரியைப் பற்றிக் கொடுக்கும் மனுவில் 'விலைவாசி உயர்ந்துவிட்டது, வரியைக் குறைக்கவும்' என்று எழுதினால் அதைப் படிக்கிறவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பரப்பளவு தப்பு, ஓட்டு வீட்டைத் தளம் என்று போட்டது தப்பு, குடியிருப்பைக் கடை என்று போட்டது தப்பு, தெருவின் மண்டலம் தப்பு: இவை நான்கும்தான் கைவைத்துத் திருத்தக்கூடியவை. மண்டலம் என்பது தெருவைப் பொறுத்தது. பிரதான சாலையில் ஒரு மதிப்பு, உள் தெருவில் ஒரு மதிப்பு. மூலை வீட்டுக்காரர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வாசல் சந்தில் இருக்கும், வரி மெயின் ரோட்டுக்கு ஏறியிருக்கும். கையில் வந்த நோட்டீசில் ஆட்சேபனைக்கு எத்தனை நாள் என்று இருக்கும், அதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

நான் ஜனவரித் தேதி முத்திரையோடு போனேன். மனு கிடைத்தது. ஜூனில் ஒரு காலை, பில் கலெக்டரும் இன்னொருவரும் டேப்போடு வந்தார்கள். இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறு அளவு கேட்டால் அவர்கள் போர்டிகோவை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள், எல்லாவற்றையும் பார்ப்பார்கள். என் மனைவி முன்னறையில் பிளவுஸ் தைப்பவர். கேட்டில் 'இங்கு பிளவுஸ் தைத்துத் தரப்படும்' என்று ஒரு சின்னப் பலகை. முந்தின நாள் இரவு அதைக் கழற்றலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம். "நான் திருடவா செய்யறேன்? இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

வந்தவர் பலகையைப் பார்த்தார். முன்னறையில் மெஷினைப் பார்த்தார். தெருப்பக்கம் ஷட்டர் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. "கரண்ட் பில் கொடுங்கம்மா" என்றார். அது வீட்டு இணைப்புதான். "வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?" "நான் ஒருத்திதாங்க. பொண்ணு பித்தான் வெப்பா." எழுதிக்கொண்டே தலையை ஆட்டினார். குடியிருப்பு என்றே போட்டார். அடுத்த தெருவில் இதேபோல் மறு அளவு கேட்ட ஒருவருக்கு, மாடியில் தகரக் கொட்டகை போட்டு வாடகைக்கு விட்டது வெளியே வந்து வரி ஏறிவிட்டது. ஆகவே கேட்பதற்கு முன் உங்கள் வீட்டை நீங்களே அவர்கள் கண்ணால் ஒரு முறை சுற்றிப் பாருங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

அளந்தபோது அவர்களுக்கு 1,174 வந்தது. எனக்கு 1,172. இரண்டு சதுர அடி. டேப் தொய்ந்தால் அவ்வளவு வரும் என்று என் தொழில் மூளை சொன்னது, வாயை மூடிக்கொண்டேன். 1,200க்குக் கீழே இருக்கிறது, அதுதான் வேண்டும்.

உத்தரவு கைக்கு வர ஆகஸ்ட் ஆனது. அதுவரை வரியைக் கட்டாமல் நிறுத்தி வைக்கவில்லை. பிரச்சினை இருக்கிறது என்று கட்டாமல் விட்டவர்கள் நிறையப் பேர். தாவா ஒரு பக்கம் நடக்கட்டும், கேட்ட தொகையைக் கட்டி ரசீது வைத்துக்கொண்டால் கூடுதல் அடுத்த அரையாண்டில் கழிந்துவிடுகிறது. எனக்கு அப்படித்தான் கழிந்தது. இப்போது 2023 விதிகளின்படி தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி வேறு சேர்கிறது. மாறாக ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். மனு பதிலே இல்லாமல் கிடந்தால் பத்து ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 'என் மனு மீது எடுத்த நடவடிக்கையும், என் வீட்டின் அளவுத்தாள் நகலும்' என்று கேட்கலாம். எனக்கு அது தேவைப்படவில்லை, எதிர்வீட்டு ஐயாவுக்குத் தேவைப்பட்டது, வேலையும் நடந்தது.

இந்தக் கதை முழுக்க அம்மாவுக்குப் போனில் போய்க்கொண்டே இருந்தது. அம்மா கிருஷ்ணகிரி பழையபேட்டையில், பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். "உங்க ஊருக்கு மேயர், எங்களுக்கு சேர்மன்தான். ஆனா வரி ஏத்தறப்ப மட்டும் ரெண்டு ஊரையும் ஒண்ணா வெச்சுட்டாங்களே" என்றார். ஊருக்குப் போனபோது அந்த வீட்டுத் தாளையும் அச்செடுத்துப் பார்த்தேன். அளவு சரி, ஓடு என்றே இருந்தது. பெயர் மட்டும் அப்பாவுடையது. அப்பா போய் ஒன்பது வருடம். வசூல் மையத்தில் பார்த்த அந்தப் பெண் வேட்பாளர்தான் நினைவுக்கு வந்தார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், கடைசி ரசீது என்று சேர்த்து மனு கொடுத்தோம். அம்மாவின் பெயரில் முதல் ரசீது வந்த அன்று அதை பூஜை அறையில் வைத்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினார்.

போன மாதம் மனைவி திரும்பவும் ஆரம்பித்தார். மழையில் வண்டி நனைகிறது, தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வெயிலில் நிற்கிறார்கள், இப்போதாவது அந்த போர்டிகோவைப் போட்டுவிடலாமே என்று. மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வந்தார். எட்டுக்கு எட்டா என்று கேட்டார். இருங்க மேஸ்திரி என்று உள்ளே போய் டேப்பை எடுத்து வந்தேன்.